ஏழாவது படத்துக்கு நீதான் நரி

செய்தி வந்தபோது நரி ஒரு காரின் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தான். உள்ளே இருந்து ஓர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, வெளியே இருந்து சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி நசுங்கலை எடுக்கிற வேலை அது. கோபம் அவனுக்கு மூக்கு நுனியில் இருந்தாலும், தகரத்திடம் மட்டும் பொறுமை உண்டு என்று பட்டறை முதலாளியே சொல்வார். அன்றைக்கு அதுவும் போயிற்று. பாக்கெட்டில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், படித்தான், திரும்பவும் படித்தான். அடுத்து அவன் போட்ட அடியில் சுத்தியல் கூரையைக் கிழித்துக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் விழுந்தது.

"வாங்கிட்டாங்க," என்றான்.

முதலாளி ஓடி வந்தார். "எதை வாங்கிட்டாங்க?"

"செந்நரிய. பெரிய கம்பெனி மொத்தமா வாங்கிடுச்சு முதலாளி. ஏழாவது படம் வருது."

முதலாளி கூரையில் விழுந்திருந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இதை எந்தக் கம்பெனி வாங்கும்னு அதுலயே பார்த்துச் சொல்லு," என்றார்.

நரி காதில் வாங்கினால்தானே. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அழுக்குக் கையோடு முதலாளியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, பட்டறையின் இரும்புக் கதவை இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கிக் குத்தினான். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தான்.

செந்நரியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரை முகமூடி, சிவப்பு அங்கி, கையில் இரும்புச் சங்கிலி. வருவான், வெளுத்து வாங்குவான், போய்விடுவான். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது. ஆறு படங்கள் வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும் கோடாரி என்கிற வில்லனோடு ஒரு சண்டை. ஆறாவதோடு தயாரிப்பாளர்களான அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள், உரிமை யாருக்கு என்ற வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது. ரசிகர்கள் எல்லாரும் தலைமுழுகிவிட்ட நேரத்தில்தான் உலகம் முழுக்கப் படம் காட்டிக் கொழுத்த அந்தப் பெரிய கம்பெனி வந்து, அண்ணன் தம்பி இருவர் வாயையும் அடைத்து, பெயர், முகமூடி, சங்கிலி எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது.

நம் ஆளுக்கு நரி என்ற பட்டம் தியேட்டர் வாசலில் வந்தது. ஒவ்வொரு படமும் வெளியாகும் நாளில், கதவு திறக்குமுன், வாசலில் அந்தக் கடைசிச் சண்டையை ரசிகர்கள் நிஜமாகவே போட்டுக் காட்டுவார்கள். நரி வேஷம் எப்போதும் இவனுக்கு. கோடாரி வேஷம் எப்போதும் இவனுடைய தங்கை கணவனுக்கு. அந்த மாப்பிள்ளை, விபத்தில் சிக்கிய வண்டிகளை இழுத்து வருகிற மீட்பு வண்டியின் ஓட்டுநர். தங்கையைக் கட்டுவதற்கு முன்பே கூட்டாளி, ஆகவே மரியாதை எல்லாம் கிடையாது, மச்சான் மாப்பிள்ளை என்று வாடா போடாதான்.

சண்டையில் சங்கிலி மூன்று தடவை வீசப்படும். முதல் வீச்சு காலுக்கு. கோடாரி குதிக்க வேண்டும். இரண்டாவது வயிற்றுக்கு, பின்னால் நகர வேண்டும். மூன்றாவது தலைக்கு மேலிருந்து இறங்கும். அது நரியின் இடது கைப் பக்கமாகத் தரையில் மோதித் தீப்பொறி பறக்க வேண்டும். கோடாரி அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து விழ வேண்டும். அந்தப் பொறிக்காகத்தான் ஆயிரம் பேர் நிற்பார்கள். ஒத்திகைக்கு ரப்பர் குழாய் போதும், ஆனால் வாசலில் ரப்பரைக் காட்டினால் செருப்பு பறக்கும். ஆகவே நிஜச் சங்கிலிதான், லாரி டயருக்குக் கட்டுகிற ஜாதி. விழுந்த கோடாரியின் நெஞ்சில் காலை வைத்து நரி வசனம் பேசுவான்: "படுத்தே கிட. நான் போனதும் எழுந்துக்கோ." உடனே கூட்டம் பாய்ந்து நரியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடும். கோடாரி மெதுவாக எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பான் என்று நரிக்கு நினைப்பு.

ஆறு படத்துக்கும் இதுவே நடந்தது. ஆறாவது படம் முடிந்து வெளியே வந்த மாலையில் நரி மாப்பிள்ளையின் தோளில் கை போட்டு, வாய் நிறையச் சொன்னான். "நீயும் எத்தனை தடவைடா விழுவ. ஏழாவது படத்துக்கு நீதான் நரி. இது சத்தியம்." தயாரிப்பாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட செய்தி அன்று காலைப் பேப்பரிலேயே வந்திருந்தது. ஏழாவது என்று ஒன்று வரப்போவதில்லை என்று தெரிந்துதான் சத்தியம் செய்தான். வராத படத்தைத் தூக்கிக் கொடுப்பதில் அவனுக்கு என்ன நஷ்டம்?

இப்போது வருகிறது.

சாயங்காலம் மீட்பு வண்டி பட்டறைக்குள் நுழைந்தது. பின்னால் மூஞ்சி சப்பையாகிப்போன ஒரு கார் தொங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இறங்கினான். அகலமான முகம், இடது காதின் மேல்முனை ஒரு சில்லு இல்லாமல் இருக்கும். எப்போதோ இழுவைக் கயிறு அறுந்து அடித்தது என்று சொல்லியிருக்கிறான்.

"பார்த்தியா மச்சான்?"

"காலையிலயே பார்த்துட்டேன்."

"அடுத்த வாரம் கம்பெனி ஆளுங்க கேமராவோட தியேட்டருக்கு வர்றாங்களாம். ரசிகர்கள் போடுற சண்டைய எடுத்து ஏழாவது படத்தோட ஆரம்பத்துல, பேர் ஓடுறப்ப போடப்போறாங்களாம். உலகம் பூரா."

"தெரியும்."

மாப்பிள்ளை காரின் கொக்கியைக் கழற்றினான். கழற்றிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டு நின்றான். "அப்ப நான் சங்கிலி சுத்திப் பழகணும்ல."

நரியின் மூஞ்சியில் ஈயாடவில்லை. உலகம் பூரா என்று கேட்டதிலிருந்து அவனுடைய தாடையும் கண்ணும் பெரிய திரையில் எப்படித் தெரியும் என்ற ஒரே நினைப்பில் இருந்தான். "மாப்ள, அது ஏதோ ஒரு ஆசையில சொன்னது. வாசல்ல நிக்கிறவன்லாம் என்னைத்தான் நரின்னு கூப்பிடுறான். திடீர்னு நீ போய் நின்னா யார் விசிலடிப்பா?"

"சத்தியம்னு சொன்ன."

"படம் வரும்னு தெரிஞ்சா சொல்லியிருப்பேனா?"

சொல்லிவிட்டான். நாக்கைக் கடித்துக்கொண்டான், ஆனால் சொன்னது சொன்னதுதான். மாப்பிள்ளை கொக்கியை வண்டிமேல் எறிந்தான். வண்டியில் ஏறி, கதவை அறைந்து சாத்தி, முதலாளியின் தண்ணீர்ப் பீப்பாயை இடித்துத் தள்ளிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்து நரி அங்கியை வாங்கத் தங்கை வீட்டுக்குப் போனான். தங்கை தையல்காரி, சிவப்பு அங்கியைத் தைத்ததும் அவள்தான். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கி மேஜைமேல் விரித்துக் கிடந்தது. அதன் இரண்டு விலாவிலும் தையலைப் பிரித்து, புதிய துணி கொடுத்து, அகலமாக்கியிருந்தாள். நரி ஒல்லி. அந்த அகலம் யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

"யாரைக் கேட்டு வெட்டின?"

"சத்தியம் பண்ணின ஆளைக் கேட்டா வெட்டணும்?" தங்கை தலையைத் தூக்காமல் சொன்னாள். "ஆசை காட்டி மோசம் பண்ணாதண்ணா. அவர் இந்த ஒண்ணைத்தான் வாழ்க்கையில கேட்டிருக்காரு."

மாப்பிள்ளை உள்ளறையிலிருந்து வந்து நின்றான். கையில் ரப்பர் குழாய். பழகிக்கொண்டிருந்திருக்கிறான். அதைப் பார்த்ததும் நரிக்கு ரத்தம் கொதித்தது. தன் சண்டையை, தான் உருவாக்கிய சண்டையை, ஒரு திருடன் பூட்டிய அறைக்குள் வைத்து அனுபவிக்கிறான் என்று அந்த நிமிஷம் தோன்றியது. முதல் குத்து மாப்பிள்ளையின் வாயில் விழுந்தது.

மாப்பிள்ளை சுவரில் மோதினான். திரும்ப அடிக்கவில்லை. அதுதான் நரியின் வெறியை ஏற்றியது. அத்தனை வருஷம் அடி வாங்கிப் பழகியவன், இப்போதும் கோடாரி மாதிரியே நிற்கிறானே என்று இரண்டாவது குத்தை வயிற்றில் இறக்கினான். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது மாப்பிள்ளைக்கும் பொறுமை போயிற்று. குனிந்து, தோளை நரியின் இடுப்பில் கொடுத்து, அப்படியே அலாக்காகத் தூக்கித் தையல் மெஷின்மேல் போட்டான். மெஷின் சரிந்தது. இருவரும் அதன்மேல் விழுந்து புரண்டார்கள். நூல்கண்டுகள் அறை முழுக்க ஓடின. நரி அவன் முடியைப் பிடித்து மேஜைக் காலில் மோதினான், ஒருமுறை, இன்னொருமுறை. மாப்பிள்ளை அவன் மணிக்கட்டைக் கடித்து, தோல் பிய்யும்வரை விடவில்லை. தங்கை நடுவில் புகுந்து அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். யாரென்று பார்க்காமல் நரி முழங்கையைப் பின்னால் வீசினான்.

அது அவள் வாயில் பட்டது. உதடு கிழிந்து, ரத்தம் மோவாயில் வழிந்து, சிவப்பு அங்கியில் சொட்டியது. துணியில் கறையே தெரியவில்லை.

சண்டை அதோடு நின்றது. மூவரும் மூச்சு வாங்கினார்கள்.

"இவர் இத்தனை வருஷம் உனக்காக விழுந்தாரு," என்றாள் தங்கை, புறங்கையால் உதட்டை அழுத்திக்கொண்டு. "உன்னால ஒரே ஒரு தடவை விழ முடியாதா?"

நரிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சரிந்த மெஷினை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் பட்டறையில் முகமூடியை எடுத்தான். ஒரு பழைய கார் பானெட்டை வெட்டி அவனே தன் முகத்துக்கு அளவாக அடித்த முகமூடி. அதை மரக்கட்டைமேல் கவிழ்த்துப் போட்டு, மாப்பிள்ளையின் அகன்ற முகத்துக்குத் தக்கபடி தட்டி விரித்தான். ஒவ்வொரு அடியும் அவன் நெஞ்சிலேயே விழுந்தது என்று சொன்னால் மிகை இல்லை. முடித்ததும் முகமூடியையும் சங்கிலியையும் கொண்டுபோய் மீட்பு வண்டியின் இருக்கையில் போட்டான்.

"எடுத்துக்கோ. நான் கோடாரி."

வீங்கின வாயோடு மாப்பிள்ளை சங்கிலியைத் தொட்டுப் பார்த்தான். "ரப்பர் குழாய வச்சு ஒரு தடவை பார்த்துடலாம் மச்சான். கோடாரி வேலை பார்க்கத்தான் சுலபம்."

"எனக்கே ஒத்திகையா? அந்தச் சண்டையப் போட்டவனே நான்தான்டா."

"ஒரே ஒரு தடவை. மூணாவது வீச்சு மட்டுமாவது."

"கண்ணை மூடிட்டு விழுவேன். போ."

கொடுப்பதைக் கொடுத்துவிட்டான், கொஞ்சம் திமிரையாவது கையில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தான் பாவி.

அந்த நாள் வந்தது. நல்ல வெயில். தியேட்டர் வாசலில் கூட்டம் பிதுங்கியது. கம்பெனி ஆட்கள் ஒரே மாதிரி நீலச் சட்டையில் ஒரு பெரிய கேமராவோடு நின்றார்கள். சிவப்பு அங்கியில் ஓர் அகலமான ஆள் வந்து நின்றதும் கூட்டம் குழம்பியது. "யார்டா இது, நரி சோறு அதிகமாத் தின்னுட்டானா?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. கோடாரியின் கறுப்புச் சட்டையில் எதிரே நின்ற நரிக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் இனித்தது. தங்கை ஓரமாக நின்றிருந்தாள். உதட்டில் கறுப்பாகக் காயம்.

முகமூடிக்குள் மாப்பிள்ளையின் கண்கள் மின்னின. சங்கிலியைத் தலைக்கு மேல் சுற்றினான். அந்தச் சத்தத்தில் சிரிப்பு அடங்கியது. பயல் நன்றாகத்தான் பழகியிருந்தான்.

முதல் வீச்சு காலுக்கு. நரி குதித்தான். இரண்டாவது வயிற்றுக்கு. நகர்ந்தான். இரும்பு காற்றைக் கிழித்துச் சட்டைப் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போனது. விசில் பறந்தது. சங்கிலி மேலே ஏறியது.

மூன்றாவது வீச்சில் கோடாரி எந்தப் பக்கம் சாய்வான் என்று நரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். வலது பக்கம். ஆறு படமாகத் தன் கண்ணால் பார்த்தது அது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இவன் நிற்கையில் மாப்பிள்ளை எப்போதும் இவனுடைய வலது கைப் பக்கமாகத்தான் விழுவான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்த வலது, இந்தப் பக்கம் வந்து நின்றால் இடது ஆகிவிடும் என்று எதிரே ஒருதடவையாவது நின்று பார்த்தவனுக்குத்தானே தெரியும். நரி துளியும் தயங்காமல், நம்பிக்கையோடு, தன் வலது பக்கம் பாய்ந்தான். சங்கிலி இறங்கவேண்டிய இடமும் அதுதான்.

முதலில் தோள் எலும்பு முறிந்தது. அதன் சத்தம் அவனுக்கே கேட்டது. சங்கிலியின் நுனி சுழன்று தாடையில் ஏறியது. வாய்க்குள் ஏதோ உடைந்து நிரம்பியது. முழங்கால் மடிந்து, முகம் தரையில் அறைந்து, புரண்டு மல்லாக்கக் கிடந்தான். துப்பப் பார்த்தான், தாடை அசையவில்லை. பற்களும் ரத்தமும் தானாகக் கன்னத்தில் வழிந்தன.

கூட்டம் வெறி பிடித்துக் கத்தியது. இப்படி ஒரு விழுகையை அவர்கள் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளை மட்டும் மரம் போல நின்றான். அவன் சங்கிலியைக் கீழே போட்டுக் குனிவதற்குள் நாலு பேர் பாய்ந்து அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். வசனத்தைக்கூட எதிர்பார்க்கவில்லை. "நரி, நரி" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடத் தொடங்கினார்கள்.

தரையிலிருந்து நரி அதைப் பார்த்தான். ஓடுகிற கால்கள், முதுகுகள், அவற்றின்மேல் ஆடி ஆடிப் போகிற சிவப்பு அங்கி. இதைத்தான் ஆறு தடவையும் மாப்பிள்ளை இங்கே படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறான். அந்தத் தோள்களின்மேல் உட்கார்ந்து போகையில் தான் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தேனா என்று யோசித்தான். பார்த்ததில்லை.

ஆனால் அந்த அங்கி ஆடிய ஆட்டம் வேறாக இருந்தது. மாப்பிள்ளை தூக்கியவன் தலையில் முஷ்டியால் இடித்தான். இன்னொருவன் காதைப் பிடித்துத் திருகினான். பிடி தளரவில்லை என்றதும் முகமூடியைக் கழற்றி, அந்தத் தகரத்தாலேயே முன்னால் நின்றவன் மூக்கில் அறைந்தான். மூக்கிலிருந்து ரத்தம் பொலபொலவென்று கொட்டியது. நாலு பேரும் அவனோடு சேர்ந்து சரிந்தார்கள். மிதித்துக்கொண்டு எழுந்து, குறுக்கே வந்தவனையெல்லாம் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

வழியில் ஒரு நீலச் சட்டைக்காரர் சிரித்த முகமாக மறித்தார். "பிரமாதம் சார். முகமூடியக் கழட்டினதுதான் கொஞ்சம்... இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?"

மாப்பிள்ளை அவரை அடித்த அடியில் அவர் கேமராக்காரர்மேல் போய் விழ, கேமரா படிக்கட்டில் உருண்டு நொறுங்கியது. உலகம் பூரா தெரிய வேண்டிய முகம் அதோடு போயிற்று. அதற்கு எத்தனை வருஷம் ஆசைப்பட்டானோ, அந்த மனிதன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தங்கை ஏற்கெனவே அண்ணனின் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தாள். மாப்பிள்ளை ரோட்டில் முழங்காலிட்டான். நரி எழுந்திருக்கப் பார்த்தான். மாப்பிள்ளை அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

"படுத்தே கிட மச்சான்," என்றான். "நான் போகமாட்டேன்."

மீட்பு வண்டியில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கம்பெனி வழக்குப் போடும், முதலாளி கத்துவார், ஏழாவது படத்தை இவர்கள் யாரும் வாசலில் நின்று பார்க்கப்போவதில்லை. நரிக்கு அது எதுவும் உறைக்கவில்லை. நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் தோளில் தலை சாய்ந்திருந்தான். கண்ணுக்கு நேரே சில்லுப் போன அந்த இடது காது இருந்தது. இத்தனை பக்கத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை. காயத்தின் விளிம்பில் வட்டம் வட்டமாக, சங்கிலி வளையம் போலத் தடம் இருந்தது. கயிறு அப்படித் தடம் போடாது என்பது தகரக்காரனுக்குத் தெரியும். நல்ல கையைத் தூக்கி, விரலால் அதைத் தொட்டு, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

மாப்பிள்ளை ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல் படம்," என்றான். "உன்னைத் தூக்கிட்டு உள்ள போயிட்டாங்க. உன் தங்கச்சிதான் அன்னிக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா."

நரிக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. வாய் திறக்கவில்லை. தங்கை தன் துப்பட்டாவைச் சுருட்டி அவன் மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.